போடியில் பிரியும் இரண்டு வழிகள்

வெளியூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், ஊருக்குப் போகப் பெட்டி கட்டும் முன்னரே ஒரு வழக்குத் தொடங்கிவிடும். பேருந்தில் போவதா, இரயிலில் போவதா என்பதே அவ்வழக்கு. நடுவர்களாக அமர்வோர் பெரும்பாலும் இருவர்: ஒருவர் நேரம், மற்றவர் பணம். எங்கள் வீட்டிலும் பல்லாண்டுகள் இவ்வழக்கு நடந்தது. நாங்கள் வழங்கிய தீர்ப்பு தவறானது என்பதை அறிய வெகுகாலம் ஆயிற்று. அதனைச் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

நாங்கள் மூவர் உடன்பிறந்தோம். பிறந்து வளர்ந்தது இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானலில். அம்மா கொழுந்து பறித்தே எங்களைப் படிக்க வைத்தார். எங்களுள் மூத்தவரான அக்கா மதுரையில் வாழ்க்கைப்பட்டார். மற்ற இருவரும் பெங்களூரில் பிழைப்புத் தேடிக்கொண்டோம். அப்பா மறைந்த பின்னரும் அம்மா மலையை விட்டு வரவில்லை. தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஏலக்காட்டின் ஓரத்தில் ஒரு சிறு வீட்டில் இரண்டு ஆடுகளோடு வாழ்ந்துவந்தார்.

சின்னக்கானலைக் காணாதவர்களுக்கு அதன் வழியைச் சொல்ல வேண்டும். இடுக்கி மாவட்டத்தில் இரயில் பாதை என்பதே கிடையாது. மேற்கே இறங்குவோர் மூணாறு வழியாக ஆலுவாய்க்குச் சென்று இரயில் ஏறுவர். தமிழகத்தில் உற்றார் உள்ள எங்களைப் போன்றோர் கிழக்கே இறங்குவோம். பூப்பாறையைக் கடந்து, போடிமெட்டிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் சுழன்று இறங்கினால் போடிநாயக்கனூர். அதுவரை வழக்கிற்கே இடமில்லை. பேருந்தோ ஜீப்போ தவிர வேறு கதியில்லை. போடியில்தான் வழி இரண்டாகப் பிரியும். மதுரைக்குப் பேருந்தும் உண்டு, இரயிலும் உண்டு.

எங்கள் மலையும் ஒரு காலத்தில் இரயில் கண்ட மலைதான். மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை 1902இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைந்தது; அதில் மாடுகள் பெட்டிகளை இழுத்தன. 1908இல் அது நீராவி வண்டி ஓடும் குறுகிய பாதையாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கீழே கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்குப் போயின. மலையாள ஆண்டு 1099இல், அதாவது 1924இல் வந்த பெருவெள்ளம் அப்பாதையை அடித்துச் சென்றது. மீண்டும் அது போடப்படவேயில்லை. இலங்கை மலையகத்தில் கொழும்பிலிருந்து ஏறிய இரயில் பாதை பதுளையை எட்டியதும் அதே 1924இல்தான். அங்கே தேயிலைத் தோட்டத் தமிழர்க்கு இரயில் வந்து சேர்ந்த ஆண்டில், இங்கே இருந்த இரயில் போயிற்று.

மலையடிவாரத்திற்கு 1928இல் மதுரையிலிருந்து மீட்டர் பாதை வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1950களில் மீண்டும் பதிக்கப்பட்டன. எங்கள் இளமையில் நாங்கள் அறிந்தது அந்த மீட்டர் பாதை வண்டியைத்தான். தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி என்று ஒவ்வோர் ஊராக நின்று, இளைப்பாறி, அது மதுரை போய்ச் சேரும். அதன் வேகத்தைக் கேலி செய்து நாங்கள் கட்டிய கதைகள் பல.

கேலி செய்தோமேயன்றி அதில் ஏறினோமில்லை. எங்களுக்குப் பேருந்தே உகந்ததாயிருந்தது. அதன் பெருமையை மறைக்க வேண்டியதுமில்லை. இரயில் நம்மைக் காத்திருக்கச் செய்யும். பேருந்தோ ஒன்று போனால் அடுத்தது வரும். கைகாட்டினால் நிற்கும், சொன்ன இடத்தில் இறக்கிவிடும். ஏலக்காய் மூட்டையானாலும் பலாப்பழமானாலும் இடம் கொடுக்கும். ஆனையிறங்கல் பக்கம் சாலையில் யானை நின்றால் விளக்கை அணைத்துக் காத்திருந்து, பின் பத்திரமாகக் கொண்டு சேர்க்கும். மலைநாட்டு மக்களுக்குப் பேருந்து செய்துள்ள தொண்டு சிறிதன்று.

அம்மா மட்டும் இரயில் கட்சி. மலைப் பேருந்தில் குமட்டலோடு இறங்கி வந்து, போடி நிலையத்தின் சிமெண்டுத் திண்ணையில் முந்தானையை விரித்துச் சற்றுப் படுப்பார். வண்டி எத்தனை நேரம் கழித்துப் புறப்பட்டாலும் காத்திருப்பார். “பஸ்ஸில் போனால் இந்நேரம் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாமே அம்மா” என்று நாங்கள் சலித்துக்கொண்டால், “நீங்க வேணும்னா போங்கப்பா, நான் ரயில்லயே வர்றேன்” என்பார். அதனைப் பழங்காலத்துப் பிடிவாதம் என்றே நாங்கள் எண்ணினோம்.

2010ஆம் ஆண்டு முடிவோடு, அகலப் பாதையாக மாற்றும் பணிக்காக அவ்வண்டி நிறுத்தப்பட்டது. எங்களுக்கு அது ஒரு செய்தியாகக்கூடப் படவில்லை. இனி வழக்கும் இல்லை, காத்திருப்பும் இல்லை என்று நினைத்தோம்.

அதன் பின்னர் அம்மாவின் வரவு குறைந்தது. 2013இல் ஒருமுறை பேருந்தில் மதுரை வந்தவர், இறங்கிய இடத்திலேயே மயங்கி விழுந்தார். நீரிழிவு நோயாளி, மலைப்பயணத்தின் களைப்பு என்று நாங்களே காரணம் கற்பித்துக்கொண்டோம். பிறகு அவர் வரவேயில்லை. அழைத்தபோதெல்லாம் ஒரு காரணம் சொன்னார். ஏலக்காய் பறிப்புக் காலம் என்றார். ஆடு ஈனப்போகிறது என்றார். யானை நடமாட்டம், வீட்டைப் பூட்டிவிட்டு வர முடியாது என்றார். 2017இல் அக்கா மகளின் திருமணம் மதுரையில் நடந்தது. வாடகைக் கார் அனுப்புகிறோம் என்றோம். வேண்டாம் என்று மறுத்துவிட்டார். தம் மடியில் போட்டு வளர்த்த பேத்தியின் தாலி கட்டும் வேளையில் அம்மா இல்லை. எங்களுள் ஒருவர் அன்றிரவே தொலைபேசியில் கடுஞ்சொல் சொன்னோம். யார் சொன்னது என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. மூவர் மனத்திலும் இருந்த சொல்தான் அது.

சில மாதம் கழித்து அக்கா மலைக்குச் சென்று இரண்டு நாள் தங்கினார். இரவில் விளக்கணைத்த பிறகு, மகளிடம் மட்டும் சொல்லக்கூடியதை அம்மா சொன்னார்.

“பஸ் ஏறணும்னா முந்தின ராத்திரியே தண்ணி குடிக்கறத நிறுத்திருவேன்டி. சக்கர வந்த ஒடம்பு, அரைமணிக்கு ஒருக்கா ஒதுங்கணும். ஆம்பளைங்க எறங்கி ரோட்டோரம் நின்னுக்குவாங்க. நான் எங்க போவேன்? கார்ல வந்தாலும் முகந்தெரியாத பையன்கிட்ட நிறுத்துப்பான்னு எத்தன தடவ சொல்றது? ரயில்ல கக்கூஸ் இருந்துச்சு. அதான் ரயில் ரயில்னு சொன்னேன்.”

அக்கா இதனை எங்களிடம் சொன்னபோது நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. 2013இல் அம்மா மயங்கி விழுந்தது முந்தைய இரவிலிருந்து நீர் அருந்தாமல் வந்ததனால் என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. பயண நேரத்தையும் கட்டணத்தையும் நாங்கள் எத்தனையோ முறை கணக்கிட்டோம். ஒரு பெண், அதுவும் முதியவர், அத்தனை மணி நேரம் எப்படி அமர்ந்திருப்பார் என்று ஒருமுறையேனும் எண்ணினோமில்லை. எங்களுக்குக் கேலிப்பொருளாக இருந்த வண்டி, அவருக்குத் தம் மக்களின் வீடுகளுக்கு இருந்த ஒரே வழியாக இருந்திருக்கிறது.

2022 மே மாதம் அகலப் பாதையில் தேனி வரை வண்டி வந்தது. 2023 ஜூன் மாதம் போடிக்கே வந்தது. காலையில் மதுரையிலிருந்து வந்து மாலையில் திரும்பும் வண்டி ஒன்று. வாரம் மூன்று நாள் சென்னைக்குச் செல்லும் விரைவு வண்டி ஒன்று. நூற்றுக்கணக்கான மைல் அப்பால் இருந்துகொண்டு, அச்செய்தியை நாங்கள் ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொண்ட விதம், வீட்டில் பிள்ளை பிறந்த சேதியை அறிவிப்பது போல் இருந்தது.

அவ்வாண்டு ஆவணியில் மூவரும் மலையேறி அம்மாவை அழைத்துவந்தோம். தெரிந்த பெண்மணி ஒருவரும் ஜீப்பில் உடன் வந்தார். இரண்டு இடங்களில், அறிந்தவர் வீட்டு வாசலில், நாங்கள் கேட்காமலே நிறுத்தச் செய்தோம். போடி நிலையம் புதிதாகியிருந்தது. பழைய திண்ணையைத் தேடிப் பார்த்துவிட்டு, அம்மா புதிய இருக்கையில் அமர்ந்தார். மாலை வண்டி புறப்பட்டது. தேனி கடந்தது. சற்று நேரத்தில் எழுந்து, பெட்டியின் கோடிக்குத் தாமே நடந்து போய்த் திரும்பிவந்தார். ஆண்டிபட்டியை நெருங்குகையில், சன்னலுக்கு வெளியே மலைகள் கறுத்துக்கொண்டிருந்தன. “அந்தத் தண்ணி பாட்டிலக் குடு” என்றார். அண்ணாந்து, நிறுத்தாமல், பாதிப் புட்டியைக் குடித்தார். எங்களில் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அன்பர்களே, பேருந்தைக் குறை கூற இதனை எழுதவில்லை. இன்றும் அவசரமென்றால் நாங்கள் ஏறுவது பேருந்தில்தான். ஊரிலிருந்து தாயோ தந்தையோ வர மறுக்கும்போது, அவர் கூறும் காரணத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். சினம் கொள்ளவும் வேண்டாம். எந்த வண்டியில் வந்தால் உங்களுக்கு எளிது என்று கேளுங்கள். மகளையோ மருமகளையோ தனித்துக் கேட்கச் சொல்லுங்கள். நாங்கள் அக்கேள்வியைக் கேட்டிருந்தால், பேத்தியின் திருமணப் படத்தில் அம்மா நின்றிருப்பார்.