வேகமா போகணுமா... தூரமா போகணுமா?

உங்க பைக் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது பாஸ்? 50? 60? லிட்டருக்கு 750 கிலோமீட்டருக்கு மேல் கொடுத்த ஒரு என்ஜின் இருக்கு, தெரியுமா?

2003 ஆகஸ்ட். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் இருந்து கிளம்பிய ஒரு குட்டி விமானம், 38 மணி 52 நிமிடத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டி அயர்லாந்தில் இறங்கியது. தூரம் 3,000 கி.மீ.க்கும் மேல். செய்தவர் அமெரிக்காவின் மேனார்ட் ஹில். அப்போது அவருக்கு 77 வயது, கண் பார்வையும் ஏறக்குறைய போயிருந்தது. விமானத்தின் பெயர் டாம்-5. என்ஜின் வெறும் 10 சி.சி. குடித்தது நாலு லிட்டருக்கும் குறைவு!

என்ன ஊத்தினார்? அங்கே கேம்ப் விளக்குக்கு ஊத்துற கோல்மேன் லாந்தர் எரிபொருள். நம்ம பெட்ரோமாக்ஸ் மாதிரி மண்ணெண்ணெய் இல்லை; பெட்ரோலுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

இதை ஏன் சொல்றேன்னா, எங்க ப்ராஜெக்ட் டீம் இந்த ஒரு கேள்வியில ரெண்டா உடையப் பார்த்துச்சு. ஏரியை ரெண்டு மணி நேரம் சுத்திச் சுத்தி போட்டோ எடுக்கற ஆளில்லா விமானம். 'நைட்ரோ ஊத்தலாம் மச்சி, சத்தத்தைக் கேட்டாலே புல்லரிக்கும்' என்றது ஒரு கோஷ்டி. 'எதுக்குப் புகை? பேட்டரி போதும்' என்றது இன்னொன்று. வாய்ச்சண்டை ஓயலை. கடைசியில நோட்டுல கணக்குப் போட்டோம். நீங்களும் பாருங்க.

ஒரு கிலோ லித்தியம் பாலிமர் பேட்டரியில் இருக்கும் ஆற்றல் சுமார் 0.6 மெகாஜூல். ஒரு கிலோ மெத்தனாலில் 20. ஒரு கிலோ பெட்ரோலில் 44! குட்டி என்ஜின் அதில் அஞ்சில் நாலு பங்கைச் சூடாகவே வீணாக்கினாலும், பறக்கும் நேரத்தில் பேட்டரி கிட்டேயே வர முடியாது.

அப்போ நைட்ரோவுக்கு ஏன் இத்தனை ரசிகர்கள்? காரணம், காத்து! ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிலோ காற்று வேணும். மெத்தனாலுக்கு 6.5 போதும். நைட்ரோமீத்தேனுக்கு வெறும் 1.7. சிலிண்டருக்குள் நுழையும் காற்றோ அளவானது. அதே காற்றில் நைட்ரோவை நிறைய எரிக்கலாம். பெட்ரோலைவிட ரெண்டு மடங்கு வெப்பம் கிடைக்கும். அதான் அந்த உறுமல்! ஆனா டேங்க் மடமடன்னு காலி. மேனார்ட் ஹில் மெத்தனால் ஊத்தியிருந்தால், பாதிக் கடல்லயே கதை முடிஞ்சிருக்கும்.

(ஒரு குட்டித் தகவல்: மெத்தனாலோடு சாதாரண என்ஜின் ஆயில் கலக்காது. அதனால் அதில் கலப்பது ஆமணக்கு எண்ணெய். ஆமா, பாட்டி மூக்கைப் பிடிச்சு ஊத்தின அதே விளக்கெண்ணெய்!)

பெட்ரோலும் சொக்கத்தங்கம் இல்லை. இப்போ பங்க்கில் கிடைப்பதில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் மாசக்கணக்கில் டேங்க்கில் விட்டால், தண்ணி பிரிஞ்சு அடியில் தங்கிடும். பழைய ரப்பர் ட்யூப் உப்பிப்போகும். பறந்து முடிச்சதும் டேங்க்கைக் காலி பண்ணிடுங்க.

போர்க்கப்பலில் இதெல்லாம் வேறு கணக்கு. மைனஸ் 40 டிகிரி குளிரிலும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். கப்பல் விமானங்களுக்கான ஜே.பி.-5 மண்ணெண்ணெய்க்கோ குறைந்தது 60 டிகிரி வேணும். அதனால்தான் ஸ்கேன்ஈகிள் என்ற ட்ரோனுக்கு ஜே.பி.-5ல் ஓடும் என்ஜின் செய்தார்கள். பாதுகாப்பு ஓகே... ஆனா குளிரில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஆக்டேன் குறைவு என்பதால் என்ஜின் 'டொக் டொக்'னு தட்டும்.

எங்களுக்குத் தேவை ரெண்டு மணி நேரம். அதனால பெட்ரோல்னு முடிவாச்சு. 'அடுத்து ரேஸ் விமானம், அதுல நைட்ரோ!' என்ற ஒப்பந்தத்தோடு எதிர்க்கோஷ்டியும் இறங்கி வந்தாச்சு.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் உயிரைப் பறித்தது இதே மெத்தனால்தான். உயிர் தப்பினாலும் கண்ணைப் பறிக்கும். பத்திக்கிட்டா, பகல் வெளிச்சத்தில் ஜுவாலையே தெரியாது. பார்க்கவும் தண்ணி மாதிரியே இருக்கும். ஹாஸ்டல் ரூமில், லேபில், யாராவது அதைத் தண்ணி பாட்டிலில் ஊத்தி வெச்சிருக்காங்களா? நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க. இப்பவே எழுந்து போய், தனி கேனுக்கு மாத்தி, பெரிய எழுத்தில் 'விஷம்'னு ஒட்டிட்டு வாங்க. வேகமா தூரமாங்கற விவாதத்தை அப்புறம் வெச்சுக்கலாம்!