முழங்கை நோவும் கைம்முறைச் சிகிச்சையும்

பெயரால் மயங்குதல் நோய்களிடத்தும் உண்டு. ‘டென்னிஸ் முழங்கை’ என்றதும் வெண்ணிற உடையும் பசும்புற்றரையும் நம் கண்முன் தோன்றும். ஆயினும், 1873-ஆம் ஆண்டில் ருங்கே என்னும் ஜெர்மானிய மருத்துவர் இந்நோவை முதன்முதல் எடுத்துரைத்தபோது, அவர் கருதியது எழுதுவோர் படுந் துன்பத்தையே. புற்றரை டென்னிஸ் ஆட்டத்திற்கு விங்ஃபீல்டு என்பார் காப்புரிமை பெற்றதோ அதற்கு மறு ஆண்டில். 1883-இல் ஆங்கில மருத்துவ இதழில் ஆட்டத்தோடு சார்த்தி எழுதப்பட்ட பின்னரே இப்பெயர் வேரூன்றிற்று. எழுதுகோலுக்கு உரியதைப் பந்தடிப்போர் கவர்ந்துகொண்டனரேயென்று தமிழ் மாணவராகிய யாம் சிறிது மனத்தாங்கல் கொள்ளலாம்!

நிற்க. முழங்கையின் புறத்தே புடைத்து நிற்கும் எலும்பு முனையில், மணிக்கட்டை மேனோக்கி உயர்த்துந் தசைகளின் நாண்கள் வந்து பற்றுகின்றன. யாதேனும் ஒன்றை இறுகப் பிடிக்குந்தோறும் மணிக்கட்டு மடியாதவாறு காப்பன அவையே. ஆதலின் துணி பிழிவோரும் தச்சரும் தையற்றொழிலாளரும் இந்நோவுக்கு ஆளாதல் வியப்பன்று.

எம் அன்னையார் டென்னிஸ் மட்டையைத் தொட்டறியார். அவர் கையில் நாடோறும் இருப்பது கத்தரிக்கோல். சென்ற நவம்பரில், கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்குரிய துணிகள் வீட்டிற் குவிந்து கிடந்த வேளையில், தண்ணீர்ச் செம்பையும் தூக்கவொண்ணாதபடி அவர் வலக்கை நொந்தது. எம் கல்லூரிக் கட்டணம் அக்கையினின்றே வருவது. “பண்டிகை மட்டும் தாங்கும்படி ஓர் ஊசி போட்டுக்கொண்டால் என்ன?” என்றார்.

அவர் கணக்குப் பிழையன்று. 2006-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் 198 நோயாளரை மூன்று பிரிவாக்கி ஆராய்ந்ததில், ஆறு வாரத்தில் ஊசி பெற்றோருள் 100-க்கு 78 பேர் தேறினர்; கைம்முறையும் பயிற்சியும் பெற்றோருள் 65 பேர்; வாளா காத்திருந்தோருள் 27 பேர். ஆனால் ஊசி பெற்றோருள் 100-க்கு 72 பேருக்கு நோவு பின்னர் மீண்டது. ஓராண்டு முடிவிலோ, காத்திருந்தோரும் கைம்முறை பெற்றோரும் ஏறக்குறைய ஒரே நிலையினர். கைம்முறையின் பயன் துன்பக் காலத்தைக் குறுக்குவதே. உழைத்துண்பார்க்கு அஃது எளியதொன்றன்று. இவற்றை யாம் படித்துக் காட்டியபின் அன்னையார் ஊசியைக் கைவிட்டார். துணிகளுட் பாதியை அண்டை வீட்டுத் தையற்கார அம்மையாரிடம் கொடுத்தார். அவ்வளவு வருவாயும் உடன் சென்றது.

கைம்முறையும் ஒருவகையினதன்று. 1928-இல் மில்ஸ் என்பார் வகுத்தது, மணிக்கட்டை மடக்கி, உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பி, முழங்கையை ஒரே வீச்சில் நீட்டிவிடுவது. இலண்டன் சிரியாக்ஸ், நாணின் குறுக்கே விரல்நுனியால் அழுந்தத் தேய்த்த பின் அவ்வீச்சைச் செய்தார். முழங்கை முற்றும் நீளாதார்க்கு அது கூடாதென்பதும் அவர் விதி. தேய்ப்பு மிக நோவது. நொந்தாலன்றிக் குணமாகாதென்னும் எம் பாட்டியார்க்கு அது பிடித்திருக்கும், எமக்குப் பிடிக்கவில்லை. அதன் பயனை நிறுவப் போதிய சான்றில்லையென 2014-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பொன்றுங் கூறிற்று.

அன்னையார்க்குச் செய்யப்பட்டது நியூசிலாந்து மல்லிகன் வகுத்த முறை. அன்னையார் கையை நீட்டி மல்லாந்து படுத்திருக்க, இயன்முறைச் சிகிச்சை செய்யும் அம்மையார் ஒரு கையால் மேற்கையின் அடியை அசையாது பிடித்து, மற்றொரு கையால் முன்கையின் மேற்புறத்தைச் சிறிதளவு வெளிப்பக்கமாக நகர்த்தினார். “இப்பொழுது முஷ்டி பிடியுங்கள், அம்மா” என்றார். நோவெழுந்தால் உடனே சொல்லவேண்டும். அழுத்தும் திசை மாற்றப்படும். நோவில்லாவிடில் மட்டுமே பலமுறை தொடரப்படும். மூன்று வாரமாக எதையும் இறுகப் பற்றாத விரல்கள் நோவின்றி மடங்கியதைக் கண்டு அன்னையார் எம் முகத்தையே நோக்கினார். மோசேயின் தளர்ந்த கைகளை ஆரோனும் ஊரும் தாங்கிநின்ற வரலாறு ஏனோ எம் நினைவுக்கு வந்தது.

வீடு திரும்புமுன் பாதி நோவு திரும்பிவிட்டது. அவ்வம்மையார் முன்னரே அதனைச் சொல்லியிருந்தார். கைம்முறை பயிற்சிக்கு வாயில் திறப்பதன்றிப் பயிற்சியாகாது. நீர் நிரப்பிய சிறு புட்டியைப் பிடித்து மணிக்கட்டை மெல்ல மெல்லத் தாழ்த்தும் பயிற்சியை, மாலை ஜெபம் முடிந்ததும் அன்னையார் நாடோறும் செய்தார். எண்ணுதல் எம் கடமை.

பண்டிகைத் துணிகள் இரண்டு நாள் தாழ்த்தே முடிந்தன. இப்பொழுது கத்தரிக்கோல் வலக்கையிலேயே இருக்கின்றது. இஸ்திரிப்பெட்டியை மட்டும் இன்னும் இடக்கையால் தூக்குகின்றார்.