மவுண்ட் ரோட்டில் இறங்குங்கள்!

ஒரு கேள்வி கேட்கிறேன்; ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள். மவுண்ட் ரோடு வழியாகக் கடைசியாக எப்போது போனீர்கள்? "போன வாரம்தான்" என்பீர்கள். சென்னைவாசிகளுக்கு இது ஒரு கேள்வியா?

இருக்கட்டும். மவுண்ட் ரோட்டுக்கு என்றே கடைசியாக எப்போது போனீர்கள்?

யோசிக்கிறீர்கள் அல்லவா? நானும் யோசித்தேன். 'வழியாக'ப் போவதற்கும் 'அங்கேயே' போவதற்கும் இடையில்தான் ஒரு கடைத்தெருவின் வாழ்வும் தாழ்வும் இருக்கிறது. அந்தச் சமாசாரத்தைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

அண்ணா சாலை என்று அதற்குப் பெயர் மாறி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் என் அப்பாவின் வாயில் அது மவுண்ட் ரோடுதான். காரணம், அந்த ரோட்டில் அவருக்கு ஒரு கடை இருந்தது. 'கடை' என்றதும் பெரிய கண்ணாடிக் கதவும் விளக்கு வரிசையுமாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லாத வாட்ச் ரிப்பேர் கடை. ஒரு மேஜை, ஒரு விளக்கு, கண்ணில் இடுக்கிக்கொள்ளும் ஒரு லென்ஸ். அவ்வளவுதான் முதல். அதை வைத்துத்தான் என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தார்.

1990-களில் நான் சின்னப் பெண். சனிக்கிழமையானால் அம்மா அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு கட்டிக்கொண்டு, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு சைதாப்பேட்டையில் பஸ் ஏறுவாள். அப்பா சாப்பிட்டு முடித்ததும் எங்கள் ஊர்வலம் ஆரம்பமாகும். முதலில் எல்.ஐ.சி. கட்டடத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்ப்போம். 1959-இல் திறந்த மாடிக் கட்டடம். ஒரு காலத்தில் அதைப் பார்ப்பதற்கென்றே வெளியூரிலிருந்து ஜனங்கள் வந்தார்களாம். பிறகு ஹிக்கின்பாதம்ஸ். 1844-இல் பிறந்த புத்தகக் கடை. இப்போதுள்ள கட்டடத்துக்கு 1904-இல் வந்தது. அந்த உயரமான கூரைக்கு அடியில் நின்று ஒரு படப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, பெரும்பாலும் வாங்காமலே வெளியே வருவோம். யாரும் விரட்டியதில்லை.

பி. ஆர் அண்டு சன்ஸ் கடையின் மணிக்கூண்டைக் கடக்கும்போது அப்பா சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அவங்க பெரிய கடை, நாம சின்னக் கடை. ஆனா ரெண்டு பேருக்கும் மணி ஒண்ணுதான், கண்ணு!"

கடைசியில் ஸ்பென்சர். பழைய ஸ்பென்சர் கட்டடம் 1983-இல் தீக்கு இரையாகிவிட்டது. அதே இடத்தில் புதிதாக எழும்பிய வணிக வளாகம்தான் எங்களுக்குத் தெரிந்த ஸ்பென்சர். அங்கே ஓடும் படிக்கட்டில் அம்மா புடவைக் கொசுவத்தை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, "முருகா!" என்று கால் வைப்பாள். சிரிக்காதீர்கள். உங்களில் பலரும் அப்படித்தான் கால் வைத்திருப்பீர்கள்!

இப்படிப்பட்ட வீதி ஏன் வாடியது?

ஒரே நாளில் வாடவில்லை; ஒரே காரணத்தாலும் வாடவில்லை. புடவைக்கும் நகைக்கும் தியாகராய நகர் போதும் என்று பெண்கள் முடிவு கட்டினார்கள். மூன்று அரங்குகளோடு 1964-இல் திறந்த சபையர் தியேட்டர் 1990-களிலேயே மறைந்தது. 1961-இல் திறந்த சாந்தி தியேட்டர் 2016-இல் மூடியது. தியேட்டர் மூடினால் படம் மட்டுமா போகிறது? இடைவேளைக் காபி, வழியில் வாங்கும் கைக்குட்டை, 'அப்படியே இந்த வாட்சையும் காட்டிவிடலாம்' என்கிற நினைப்பு எல்லாம் சேர்ந்தே போகின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டிகள். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். 1840-இல் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி இந்த ரோட்டில் குதிரை வண்டி கட்டிப் பெயர் வாங்கியது. பிற்பாடு மோட்டார் கம்பெனிகளும் இங்கேதான் கடை விரித்தன. வண்டி விற்றுப் பெரிதான வீதியைக் கடைசியில் வண்டியே விழுங்கிவிட்டது! 1973-இல் ஜெமினி மேம்பாலம் வந்தது. போக்குவரத்துக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் வேகமாகப் போகிறவர் கண்ணில் கடை படுவதில்லை. நிறுத்திப் பார்க்கலாம் என்றாலோ, வண்டி நிறுத்த இடமில்லை.

"நடந்து வர்றவங்கதாம்மா கடைக்காரனுக்குச் சாமி. வண்டியில போறவங்க வெறும் காத்து" என்பார் அப்பா.

2010-களில் மெட்ரோ ரயிலுக்காகப் பூமியைக் குடைந்தார்கள். சாலையில் தகரத் தடுப்புகள் எழுந்தன. ஒரு பகுதி பல ஆண்டுகள் ஒருவழிப் பாதையாயிற்று. எதிர் வரிசையில் இருக்கும் கடைக்கு வர ஊரைச் சுற்ற வேண்டும். ஒரு வாட்சுக்கு பாட்டரி மாற்ற யார் ஊரைச் சுற்றுவார்கள்? கைபேசியிலேயே மணி தெரிகிற காலம் வேறு.

2013-இல் அப்பா கடையைக் கட்டினார்.

*

சகோதரிகளே, இதுவரை ஊரைக் குற்றம் சொன்னேன். இனி என்னைச் சொல்ல வேண்டும்.

2010-இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ திறந்தது. மவுண்ட் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். குளிர்ச்சியும் வெளிச்சமுமாக இருந்தது. சுத்தமான கழிவறை இருந்தது. பெண்கள் தனியாகப் போனாலும் பயமில்லை. அப்போதுதான் எனக்கு வேலை கிடைத்திருந்தது. முதல் மாதச் சம்பளத்தில் சிநேகிதிகளோடு ஒரு பெரிய வணிக வளாகத்துக்குப் போய், ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன்.

வாட்ச் ரிப்பேர்க்காரரின் மகள் வேறு கடையில் வாட்ச் வாங்கியதா தப்பு என்று கேட்பீர்கள். அப்பா வாட்ச் விற்கவில்லை, ரிப்பேர்தான் செய்தார். ஆனால் தமக்குத் தெரிந்த கடைகளில் ஒன்றுக்கு என்னை அழைத்துப் போய், தாமே பார்த்து ஒன்றை எடுத்துத் தர வேண்டும் என்று அவர் ஆசையாக இருந்தார். அது அம்மா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தவர், "நல்ல வாட்ச்" என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்பாவின் கடைக்கு நான் கடைசியாகப் போனது எப்போது? எண்ணிப் பார்த்தேன். கடை மூடுவதற்கு முந்தைய இரண்டு வருஷங்களில் ஒரு முறைகூடப் போகவில்லை. தினமும் பஸ்ஸில் அந்த வழியாகத்தான் ஆபீஸ் போனேன்! வழியாகத்தான்.

கடையை மூடிய பிறகு அப்பா மவுண்ட் ரோட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. 2017 ஏப்ரல் 9-ஆம் தேதி, சுரங்க வேலை நடந்த இடத்தில் சாலை உள்வாங்கி ஒரு பஸ்ஸும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கின. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. அதை டெலிவிஷனில் பார்த்தவர் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். 2019 பிப்ரவரி 10-ஆம் தேதி, ஆயிரம் விளக்கு, எல்.ஐ.சி., அரசினர் தோட்டம் ஸ்டேஷன்களுக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. "ஒரு தடவை போய்ப் பார்க்கலாமா, அப்பா?" என்றேன். "எனக்கு அங்கே என்ன வேலை?" என்றார்.

*

அவரை அசைத்தது நான் அல்ல. எங்கள் வீட்டுச் செட்டியார்.

ஆம், கொலுவில் உட்காரும் செட்டியார் பொம்மைதான். சென்ற நவராத்திரிக்குப் பெட்டியைத் திறந்தபோது செட்டியார் இரண்டு துண்டாகக் கிடந்தார். செட்டிச்சி மட்டும் அரிசி பருப்போடு தனியாக உட்கார்ந்திருந்தாள். "கடைக்காரர் இல்லாமல் கொலுவா? நல்லா இருக்கு!" என்றாள் அம்மா. அண்ணா சாலையில் உள்ள பூம்புகார் விற்பனை நிலையத்தில் நவராத்திரிக்குப் பொம்மைக் கண்காட்சி வைப்பது வழக்கம். "என்னங்க, நீங்களும் வாங்க. பொம்மையைப் பத்திரமாப் பிடிச்சிட்டு வர ஆள் வேணும்" என்றாள். அப்பாவால் தட்ட முடியவில்லை.

சைதாப்பேட்டையில் ரயில் ஏறினோம். பேசி முடிப்பதற்குள் எல்.ஐ.சி. ஸ்டேஷன் வந்துவிட்டது. லிப்டில் மேலே வந்தோம். அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

நடைபாதையில் ஜனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள்! வேலைக்குப் போகும் பெண்கள், பை மாட்டிய மாணவர்கள், அரசினர் தோட்டப் பக்கம் உள்ள அரசு மருத்துவமனைக்கு வழி கேட்கிற ஒரு வெளியூர்க் குடும்பம். பொம்மை வாங்கிய பிறகு, "கொஞ்சம் நடக்கலாமா?" என்று அப்பாவே கேட்டார். எங்கே போகிறோம் என்று அம்மாவுக்கும் எனக்கும் தெரியும். இருவரும் வாயைத் திறக்கவில்லை.

மாடிப்படி இருந்தது. அதன் அடியில் விளக்கும் எரிந்தது. ஒரு வாலிபன் கண்ணில் லென்ஸ் இடுக்கிக்கொண்டு கைபேசியைப் பிரித்து வைத்திருந்தான்.

"என்ன சார் ரிப்பேர்?" என்று நிமிராமலே கேட்டான்.

"ஒண்ணும் இல்லை, தம்பி. வியாபாரம் எப்படி?"

"பரவாயில்லை சார். காலையில ஸ்டேஷன்லேருந்து வர்றவங்க குடுத்துட்டுப் போவாங்க. சாயங்காலம் வாங்கிப்பாங்க."

அப்பா சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "விளக்கை இடது பக்கம் வச்சுக்க, தம்பி. கை நிழல் விழாது" என்றார். அவன் நகர்த்திப் பார்த்தான். "அட, ஆமாம் சார்!" என்று முதல் தடவையாக நிமிர்ந்தான்.

அப்பா தாம் யார் என்று சொல்லவில்லை. ஆனால் திரும்பி வரும்போது, செட்டியார் பொம்மையை அவர் பிடித்துக்கொண்டு வந்த விதத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

*

மவுண்ட் ரோடு பழையபடி ஆகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்பென்சரில் பழைய கூட்டம் இல்லை. சாந்தி தியேட்டர் திரும்பி வராது. அப்பாவின் கடையும் திரும்பி வராது. தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை இன்னொரு மேம்பாலத்துக்கு 2024 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அது வண்டிகளின் அவசரத்தைத் தீர்க்கலாம். கடைக்கு ஆள் கொண்டு வராது. ஒரு வீதி புத்துயிர் பெறுவது என்றால் பழைய வீதி எழுந்து வருவதல்ல. அதே மாடிப்படியின் அடியில் வேறொரு விளக்கு எரிவது.

அந்த விளக்கு எரிய வேண்டுமானால் நடக்க நல்ல நடைபாதை வேண்டும். நிழல் வேண்டும். உட்காரப் பலகை வேண்டும். பெண்களுக்குச் சுத்தமான கழிவறையும் இருட்டிய பிறகு வெளிச்சமும் வேண்டும். இவை நடக்காத காரியங்கள் அல்ல. பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதையை அகலமாக்கிப் பெஞ்சு போட்டார்கள். இன்று பாட்டிமார் அங்கே உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள். மவுண்ட் ரோட்டுக்கும் அதைக் கேட்போம். ஆனால் கேட்பதற்கு முன்னால் நாம் அங்கே இருக்க வேண்டாமா? நடக்க ஆளில்லாத வீதிக்கு நடைபாதை யார் போடுவார்கள்?

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்த வழியாகப் போகும்போது ஒரே ஒரு தடவை இறங்குங்கள். ஒரு புத்தகமோ, ஒரு பொம்மையோ வாங்குங்கள். வாங்காவிட்டாலும் பாதகமில்லை, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடங்கள். உங்கள் ஊர் சென்னை இல்லையென்றால், உங்கள் ஊரிலும் ஒரு கடைவீதி இருக்கும். அங்கே மாடிப்படிக்கு அடியில் ஒருவர், யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த முதல் சம்பளத்து வாட்ச் ஓடாமல் நின்று பல வருஷங்கள் ஆகின்றன. அலமாரியிலிருந்து எடுத்து அப்பாவிடம் நீட்டினேன். கடை நாளைய லென்ஸைத் தேடிக் கண்ணில் இடுக்கிக்கொண்டார். விளக்கை இடது பக்கம் நகர்த்தினார்.

"நல்ல வாட்ச்" என்றார். இந்தத் தடவை அதோடு நிறுத்தவில்லை. "இதை முன்னாலேயே எங்கிட்டே கொண்டாந்திருக்கக் கூடாதா, கண்ணு?"

கொலுப்படியில் புதுச் செட்டியார், செட்டிச்சியின் பக்கத்தில், கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.