சனிக்கிழமை ஊசி

மங்கலத்தில் அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் பத்து தையல் மிஷின்கள். மேலே குடித்தனம். 2025 ஆகஸ்ட் 30, சனிக்கிழமை. வாரச் சம்பளம் போடுகிற நாள். பொழுது சாய்ந்ததும் ஓவர்லாக் சத்தம் அடங்கியது. கணவர் கீழே நோட்டை விரித்து, யாருக்கு எத்தனை ஷிப்ட் என்று கூட்டிக்கொண்டிருந்தார். மேலே சமையலறையில் மனைவி ஃபிரிட்ஜைத் திறந்து, தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த சின்ன அட்டைப் பெட்டியை எடுத்தார்.

உள்ளே ஒரு குட்டிக் கண்ணாடிக் குப்பி. அரை மில்லி மருந்து. டிர்செபடைட் 2.5 மில்லிகிராம். மௌன்ஜாரோ என்ற பெயரில் அந்த வருடம் மார்ச்சில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது இந்தக் குப்பியின் விலை 3,500 ரூபாய். வாரத்துக்கு ஒன்று போட வேண்டும். கீழே ஓவர்லாக் ஓட்டும் பெண்ணின் வாரச் சம்பளத்தை நெருங்குகிற தொகை.

அவருக்கு வயது 46. உயரம் 154 சென்டிமீட்டர், எடை 88 கிலோ. பி.எம்.ஐ. கணக்கில் 37. இந்தியர்களுக்கு 25-ஐத் தொட்டாலே உடல் பருமன் என்கிறார்கள் மருத்துவர்கள். மூன்று மாத சர்க்கரை 8.2. மாடிப்படி ஏறினால் இரண்டு முழங்காலும் பேசும். கொள்ளுத் தண்ணீர், சீரகத் தண்ணீர், ராத்திரிக்குச் சப்பாத்தி என்று எல்லாம் செய்து பார்த்தவர்தான். ஒருமுறை ஆறு கிலோ குறைந்தது. அடுத்த தீபாவளிக்குள் எட்டு கிலோவாகத் திரும்பி வந்தது.

"வாயைக் கட்டினாப் போதும்" என்று கல்யாண வீடுகளில் சொன்னவர்களை எண்ணி முடியாது. காலையில் செக்கிங் டேபிளில் உட்கார்ந்தால் ராத்திரிதான் எழுந்திருக்கிறார் என்பதை யாரும் பார்க்கவில்லை. நாளடைவில் அவரே நம்பிவிட்டார், இது நோயல்ல, தன்னுடைய குற்றம் என்று.

திருப்பூரில் அவர் பார்க்கும் சர்க்கரை டாக்டர் வேறு மாதிரி சொன்னார். சாப்பிட்டதும் நம் குடல் சில ஹார்மோன்களைச் சுரக்கிறது. 'போதும்' என்று மூளைக்குச் சொல்வது அவற்றின் வேலைகளில் ஒன்று. ஜி.எல்.பி-1 என்பது அதில் முக்கியமானது; சுரந்த சில நிமிடங்களில் காணாமல் போய்விடும். இந்த மருந்து அதைப் போலவும், ஜி.ஐ.பி. என்ற இன்னொரு ஹார்மோனைப் போலவும் நடித்து, ஒரு வாரம் உடம்பில் தங்குகிறது. பசி அடங்குகிறது, இரைப்பை மெதுவாகக் காலியாகிறது.

"மாத்திரையா இல்லீங்களா டாக்டர்?" என்று கேட்டார். இது பெப்டைட். அமினோ அமிலங்களைக் கோத்த சின்னச் சங்கிலி. இன்சுலினும் அந்த ஜாதிதான். விழுங்கினால் சோற்றோடு சோறாக வயிறு செரித்துவிடும். அதனால் தோலுக்கடியில் ஊசி.

இந்த வகை மருந்துகளில் முதலாவது வந்த கதை வேடிக்கையானது. அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற விஷப் பல்லியின் விஷத்தில், ஜி.எல்.பி-1 போலவே வேலை செய்யும் ஒரு பொருளை ஜான் எங் என்ற மருத்துவர் 1990-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார். அதிலிருந்து உருவான மருந்து 2005-ல் சர்க்கரை நோய்க்கு அனுமதி பெற்றது. எடை குறைக்கும் ஊசிகள் பிறகு அந்த வழியில் வந்தவை.

எதையும் மறைக்காமல் டாக்டர் சொன்னார். 72 வார ஆய்வில், சர்க்கரை இல்லாதவர்கள் உச்ச அளவில் சராசரியாக எடையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்புகிறது. குமட்டல், வாந்தி, பேதி, மலச்சிக்கல் வரலாம். அதனால்தான் முதல் நான்கு வாரம் சின்ன அளவு. தசையும் சேர்ந்து கரையும். முட்டை, பருப்பு, நடை மூன்றையும் விடக் கூடாது. குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் உண்டா, கணையத்தில் எப்போதாவது வீக்கம் வந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் சீட்டு எழுதினார். சர்க்கரை தாழ்ந்துவிடாமல் இருக்க, பழைய மாத்திரை ஒன்றைப் பாதியாக்கினார்.

கடைசியாக ஒரு நிபந்தனை. "வீட்ல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும். விடாம வயித்து வலி வந்து முதுகு வரைக்கும் பரவினா, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வர ஆள் வேணும்."

அவர் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை.

சொல்ல முடியாத வாரம் அது. புதன்கிழமை விநாயகர் சதுர்த்தி. அன்றைக்குத்தான் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட வரி 50 சதவீதமாக ஏறியது. கொழுக்கட்டை வேகும்போதே, இவர்களுக்கு வேலை கொடுக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அடுத்த லாட்டைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். அன்று முழுக்கக் கணவர் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த முகத்திடம் போய், வாரம் 3,500 ரூபாய்க்கு ஊசி என்று எப்படிச் சொல்வது?

வேறு வழியும் கண்ணில் பட்டது. நாத்தனார் மகள் ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தாள். பொடியாக வரும், நாமே தண்ணீர் கலந்து போட்டுக்கொள்ளலாம், விலை பாதிகூட இல்லை. மெடிக்கல் கடைக்காரரிடம் போனைக் காட்டினார். "மூலையில பாருங்கக்கா, ஆராய்ச்சிக்கு மட்டும்னு போட்டிருக்கான். உள்ள என்ன இருக்குன்னு அவனுக்கே தெரியாது. சீட்டு இல்லாம தர்றவன்கிட்ட எதையும் வாங்காதீங்க" என்றார் அவர். சேமிப்பு டப்பாவைத் திறந்து ஒரு குப்பி மட்டும் வாங்கி வந்தார்.

ஊசி அவருக்குப் புதிதல்ல. மாமியாருக்கு ஆறு வருடம், தினம் இரண்டு வேளை இன்சுலின் போட்டவர். கரண்ட் இல்லாத ராத்திரிகளில் டார்ச் வெளிச்சத்தில்கூடப் போட்டிருக்கிறார். கை நடுங்கியதில்லை.

இன்று நடுங்கியது. சோப்புப் போட்டுக் கை கழுவி, குப்பியின் ரப்பர் மூடியைப் பஞ்சால் துடைத்து, சிரிஞ்சைப் பிரித்து வைத்தாயிற்று. மேற்கொண்டு கை போகவில்லை. வலிக்கும் என்ற பயமில்லை. மாமியாருக்குப் போட்டது மருந்து. தனக்கென்று வரும்போது அது செலவாகத் தெரிந்தது.

டாக்டரின் நிபந்தனை நினைவுக்கு வந்தது. மாடிப்படியில் நின்று கூப்பிட்டார்.

"ஏனுங்க, கொஞ்சம் மேல வாங்க."

கணவர் பேனாவோடு வந்தார். மேஜையைப் பார்த்தார். முழுவதையும் கேட்டார். முதலில் அவர் முகம் சுருங்கியது.

"இதை ஏன் அம்மிணி ஒளிச்சு வெச்சே?"

"ஆர்டர் நின்னிருக்கிற நேரம். எதுக்குங்க இதையும் சொல்லிக்கிட்டு."

"எத்தனை மாசம் போடோணும்?"

"வருசக்கணக்குல ஆகும்னு சொன்னாருங்க."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மனதுக்குள் எதையோ கூட்டிக் கழிப்பது தெரிந்தது. பிறகு சொன்னார்: "அம்மாவுக்கு ஆறு வருசம் வாங்கினோம். அப்ப நீ கணக்குக் கேக்கலே. மூணு மாசம் போட்டுப் பாரு. அதுக்கு மேல முடியலைன்னா, டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் போய்க் கேப்போம்."

டாக்டர் கொடுத்த தாளை வாங்கிப் படித்து, வயிற்று வலி பற்றிய வரியின் கீழ் பேனாவால் கோடு போட்டார். அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

கிளினிக்கில் நர்ஸ் காட்டிய வரிசை அப்படியே மனதில் இருந்தது. சிரிஞ்சில் காற்றை இழுத்துக் குப்பிக்குள் விட்டு, தலைகீழாகப் பிடித்து, மருந்தை மெதுவாக இழுத்தார். ஐம்பது கோடு. சுண்டிவிட்டுக் குமிழை மேலேற்றி வெளியேற்றினார். தொப்புளிலிருந்து மூன்று விரல் தள்ளி, தோலைப் பிடித்து, நேராக இறக்கினார். எறும்புக் கடி அளவு. ஐந்து வரை எண்ணிவிட்டு எடுத்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க."

ஊசியைக் கனமான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடினார். அடுத்த வாரம் வேறு இடத்தில் போட வேண்டும்.

கணவர் கீழே போனார். கொஞ்ச நேரம் கழித்துச் செக்கிங் டேபிளைத் துடைக்க அவரும் இறங்கினார். நோட்டு திறந்தே கிடந்தது. ஓவர்லாக், பேட்லாக், கைமடி, அயர்ன் என்று வரிசையாகச் சம்பளம். காலையிலிருந்து ராத்திரி வரை செக்கிங் பார்க்கும் அவருக்கு மட்டும் இத்தனை வருடத்தில் அந்த நோட்டில் ஒரு வரிகூட இருந்ததில்லை. வீட்டு ஆளுக்கு எதற்குச் சம்பளம் என்று அவரும் கேட்டதில்லை.

அன்றைக்குக் கடைசியில் ஒரு வரி கூடியிருந்தது. 'செக்கிங் - 3,500.'

அவர் நோட்டை மூடி வைத்துவிட்டு, விளக்கை அணைத்தார்.