தஞ்சைக்கும் சிங்கப்பூருக்கும் எத்தனை தூரம்?

தஞ்சைச் சீமையில் பல கிராமத்துத் திண்ணைகளில் சிங்கப்பூரைப் பற்றி, ஏதோ கும்பகோணத்துக்குப் போய் வருவது போலப் பேசுகிறார்கள். அந்தத் தூரத்தைச் சற்றே அளந்து பார்ப்போம்.

தஞ்சையை விட்டு மேற்கே வல்லம், செங்கிப்பட்டி, துவாக்குடி வழியாகச் செல்கிறோம். நெல் வயல்கள் பின்தங்கி, செம்மண் மேடு எதிர்ப்படுகிறது. சுமார் 55 கிலோமீட்டரில் திருச்சி விமான நிலையம். அங்கிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். ஆகாய விமானத்துக்கு நாலு மணி நேரப் பிரயாணம். ஆனால் கடிகாரம் சொல்லும் கணக்கே வேறு! சிங்கப்பூர் நேரம் நம்முடையதற்கு இரண்டரை மணி முந்தியது. காலை 10 மணிக்குப் புறப்பட்டவர் இறங்கும்போது அங்கே மாலை 4.30. திரும்பி வரும்போதோ, ஒன்றரை மணியில் வந்துவிட்டதாகக் கடிகாரம் சாதிக்கும்.

நம் பாட்டனார் காலத்தில் சிங்கப்பூருக்கு வழி கிழக்கே, நாகப்பட்டினத்தில் தொடங்கிற்று. 1926-ல் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ கப்பல் 1973 வரை இந்தக் கடலில் ஓடிற்று. பினாங்கைத் தொட்டுச் சிங்கப்பூர் சேர ஏறக்குறைய ஒரு வாரம். அடுத்து வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ 1984-ல் நடுக்கடலில் தீப்பிடித்தது. கப்பல் பிரயாணமும் அத்துடன் நின்றது.

அந்நாளில் தாயார் காலமான தந்தி மகனுக்கு விரைவில் கிடைத்துவிடும். கப்பலுக்குக் காத்திருந்து அவன் வந்து சேருமுன், பெரும்பாலும் பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருக்கும். இன்று விடியற்காலையில் செய்தி கேட்டவன், அந்திக்குள் காவிரிக் கரையில் தன் கையாலேயே கொள்ளி வைக்கலாம். விமானத்தில் இடமும் முதலாளியிடம் விடுமுறையும் கிடைக்கவேண்டும், அவ்வளவுதான். கடலைக் கடப்பது சுலபமாகிவிட்டது. அந்த விடுமுறையைப் பெறுவதுதான் இன்னும் பலருக்கு நெடும் பிரயாணமாக இருக்கிறது.