அம்மைக்கு உயிர் இருக்கா?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி அதிகம். எழுத விஷயமும் பெருசா சிக்கல. போன நவம்பர்ல ஊருக்குப் போயிட்டு வந்ததுலருந்து இது ஒண்ணு மட்டும் மனசுக்குள்ளயே கிடந்து உருளுது. எழுதித் தொலைச்சிட்டா தூக்கம் வரும்னு தோணுது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க மக்களே.

நமக்குச் சொந்த ஊர் பேச்சிப்பாறை. அணை இருக்கிற ஊர்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். திருவிதாங்கூர் மகாராஜா மூலம் திருநாள் காலத்துல, 1897-லருந்து 1906 வரைக்கும் கட்டினது. கட்டினவர் மிஞ்சின் என்கிற இஞ்சினியர். ஊர்க்காரங்களுக்கு அவர் மூக்கன் துரை. அணைப் பக்கத்துலயேதான் அவர் கல்லறையும் இருக்கு. சுத்தி எங்க பாத்தாலும் ரப்பர் மரம். எங்க அம்மை அந்த மரங்கள்ல முப்பத்திரண்டு வருஷம் பால் வெட்டினவ.

பால்வெட்டுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: வெளுப்பாங்காலம் நாலு மணிக்கு எழும்பி, தலையில டார்ச்சைக் கட்டிட்டு, மரம் மரமா போய் பட்டையைச் சீவி விடணும். பால் சிரட்டையில சொட்டும். அப்புறம் திரும்ப ஒரு சுத்து போய் வாளியில எடுக்கணும். ஆசிட் ஊத்தி உறைய வச்சு ஷீட் அடிக்கணும். பட்டையில காஞ்சு கிடக்கிற ஒட்டுப்பாலை விரலால உரிச்செடுக்கணும். கத்தி, ஆசிட், ஒட்டுப்பால், மழை. முப்பத்திரண்டு வருஷம். அம்மையோட விரல் நுனியைத் தொட்டுப் பாத்தீங்கன்னா பழைய பத்து பைசா நாணயம் மாதிரி வழவழன்னு இருக்கும்.

அம்மைக்கு பி.எஃப். பென்ஷன் வருது. பெரிய தொகை ஒண்ணும் இல்ல. இந்தத் திட்டத்துல 2014-ல நிர்ணயிச்ச குறைந்தபட்சம் மாசம் 1000 ரூபாய், அம்மைக்கு அதுக்கு மேல கொஞ்சம் சில்லறை. ஆனா அது அவளோட காசு. ‘எனக்க பணம்’னு அவ சொல்லும்போது ஒரு கெத்து இருக்கும் பாருங்க, என் ஒரு மாச சம்பளத்துல அந்தக் கெத்து கிடையாது.

போன நவம்பர்ல வீட்டுக்குப் போனப்பதான் தெரிஞ்சுது, ரெண்டு மாசமா பென்ஷன் வரல.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“நீ அங்க கெடந்து கஷ்டப்படுக. இதுக்கு வேற வெப்ராளப்படணுமா மக்கா?”

விசாரிச்சா, வருஷத்துக்கு ஒருக்கா கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கல. 2014-லருந்து அதுக்கு ‘ஜீவன் பிரமாண்’னு ஒரு டிஜிட்டல் முறை இருக்கு. ஆதார் நம்பரைச் சொல்லி மெஷின்ல விரலை வச்சா, ஆள் உயிரோடதான் இருக்காங்கன்னு பதிவாயிரும். நல்ல விஷயம்தான். முன்னெல்லாம் பேப்பரைத் தூக்கிட்டு அலையணும்.

மறுநாள் குலசேகரத்துல ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க இருந்த பிள்ளை நல்ல பிள்ளை, அதையும் சொல்லணும். அம்மையோட வலது பெருவிரலை வச்சா. சிவப்பு. இடது. சிவப்பு. ஈரத் துணியால துடைச்சுப் பாத்தா, கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவிப் பாத்தா. பத்து விரலும் முடிஞ்சுது. பத்தும் சிவப்பு. பின்னால வரிசையில நின்னவங்க உச்சுக்கொட்ட ஆரம்பிச்சாங்க.

அம்மை சிரிச்சுகிட்டே சொன்னா: “எனக்க உயிரு போச்சாம் மக்கா, மெஷினு சொல்லுகு.”

சிரிச்சாளே தவிர, பஸ்ஸுல வர்ற வழி முழுக்க உள்ளங்கையை மடிமேல கவுத்து வச்சுகிட்டுதான் வந்தா.

சரி, ஆதார் பக்கத்துல நுழைஞ்சு ஏதாவது பண்ணலாமான்னு லேப்டாப்பைத் திறந்தேன். நான் பிடுங்குற ஆணியே லாகின் பக்கங்கள்தான், பத்து வருஷமா அதான் பொழப்பு. நமக்கு ஆகாததான்னு ஒரு திமிர். ஓ.டி.பி. கேட்டுது. எந்த நம்பருக்குப் போகும்னு பாத்தா, கடைசி நாலு எண் அப்பாவோடது.

அப்பா போய் மூணு வருஷம் ஆச்சு. அந்த சிம்முக்கு யாரும் ரீசார்ஜ் பண்ணல. பண்ணணும்னு யாருக்கும் தோணல. துண்டிச்ச நம்பரை 90 நாள் வரைக்கும் வேற ஆளுக்குக் கொடுக்கிறதில்லன்னு விதி இருக்கு. அதுக்கப்புறம் கொடுக்கலாம். எனக்கு என்ன தோணுச்சோ, அந்த நம்பரைக் கூப்பிட்டேன். ரிங் போச்சு. ஒரு சின்னப் பையன் எடுத்து ‘அல்லோ, யாரு?’ன்னான். ராங் நம்பர்னு வச்சிட்டேன். ரொம்ப நேரம் திண்ணையிலயே உக்காந்திருந்தேன்.

இப்ப கொஞ்சம் தொழில் பாடம். பயப்படாதீங்க, சுருக்கமாத்தான்.

நீங்க நீங்கதான்னு நிரூபிக்க மூணு வழி இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்ச ஒண்ணு (பாஸ்வேர்டு, பின் நம்பர்). உங்க கையில இருக்கிற ஒண்ணு (ஃபோன், சிம், கார்டு). நீங்களாவே இருக்கிற ஒண்ணு (ரேகை, கருவிழி, முகம்). உலகத்துல உள்ள அத்தனை பூட்டும் இந்த மூணுல ஒண்ணோ ரெண்டோதான்.

அம்மைக்கு இதுல மூணாவது தேய்ஞ்சு போச்சு. ரெண்டாவது எவனோ ஒரு பையன் கையில. முதலாவதை அவ சுவர்க் காலண்டர்ல பெருசா எழுதி வச்சிருக்கா, வீட்டுக்கு வர்ற எல்லாருக்கும் தெரியும் :-)

ரேகை மெஷினுக்குள்ள ஒரு திருகு இருக்குன்னு வச்சுக்கோங்க. இந்த விரலும் பதிவுல உள்ள விரலும் எவ்வளவு ஒத்துப் போனா கதவைத் திறக்கலாம்னு அந்தத் திருகுதான் முடிவு பண்ணும். மெஷின் பண்ற தப்பு ரெண்டு வகை. அந்நியனை உள்ள விட்டுர்றது ஒண்ணு, சொந்தக்காரியை வெளிய நிறுத்துறது இன்னொண்ணு. திருகை இறுக்கினா முதல் தப்பு குறையும், ரெண்டாவது கூடும். தளர்த்தினா தலைகீழ். ரெண்டையும் சேத்து பூஜ்யமாக்குற திருகு இதுவரைக்கும் யாரும் செய்யல.

இறுக்குறவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது. 2018-ல தெலங்கானாவுல ஒருத்தர் நிலப் பத்திரங்கள்ல இருந்த பெருவிரல் ரேகைகளை எடுத்து, அதுலருந்து போலி ரேகை செஞ்சு சிம் கார்டுகளை ஆக்டிவேட் பண்ணிப் பிடிபட்டார். ரேகையைக் காட்டிப் பணம் எடுக்கிற வசதியில இதே மாதிரி திருட்டுகள் அப்புறமும் நடந்திருக்கு. வைக்கிறது உயிருள்ள விரல்தானான்னு கூடுதலா சோதிக்கிற முறையை ஆதார் ஆணையம் 2023-ல கொண்டுவந்ததும் அதனாலதான். பாஸ்வேர்டு போனா மாத்திக்கலாம், ரேகை போனா பத்துக்கு மேல வேற விரல் கிடையாதே.

அந்தப் பக்கம் இருக்கிற கணக்கையும் பாருங்க. ஆதார் வழக்கு உச்ச நீதிமன்றத்துல நடந்தப்போ, 2018 மார்ச்சுல, ஆணையமே ஒரு புள்ளிவிவரம் கொடுத்துச்சு. அரசுச் சேவைகளுக்கான சரிபார்ப்புல ஏறக்குறைய 12 விழுக்காடு தோல்வி அடையுதுன்னு. தோல்வி அடைஞ்ச எல்லாருக்கும் சேவை மறுக்கப்பட்டதுன்னு அர்த்தம் இல்ல, வேற வழியில கொடுக்கலாம்னும் சொன்னாங்க. சரிதான். ஆனா அந்த 12 யாரு? நானோ நீங்களோ இருக்க வாய்ப்பு கம்மி. கீபோர்டு தட்டினா ரேகை தேயாது. பால் வெட்டுறவ, செங்கல் சுமக்கிறவர், பாத்திரம் தேய்க்கிறவ, வயசானவங்க. அதாவது அந்த ஆயிரம் ரூபா யாருக்கு நிஜமாவே தேவையோ அவங்க.

ஓ.டி.பி. கதையும் இதேதான். எஸ்.எம்.எஸ். வழியா வர்ற எண்ணைத் தனியா நம்பாதீங்கன்னு அமெரிக்காவோட தர நிர்ணய நிறுவனம் 2017-லயே எச்சரிச்சுது. நம்பரை ஏமாத்தி வேற சிம்முக்கு மாத்திக்கலாம்ங்கிறது ஒரு காரணம். நம்ம ரிசர்வ் வங்கியும் 2025 செப்டம்பர்ல புது விதிகள் போட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் எஸ்.எம்.எஸ். தவிர வேற முறைகளுக்கும் வழி பண்ணிச்சு. நல்லதுதான். ஆனா எஸ்.எம்.எஸ். ஒண்ணுதான் எழுநூறு ரூபா பட்டன் ஃபோன்லயும் வரும். எங்க ஊருக்கு மேல மலைக் குடியிருப்புகள்ல, சிக்னல் கிடைக்கிற பாறையைத் தேடிப் போய் நின்னாவது வாங்கிருவாங்க. இப்ப எல்லாரும் கொண்டாடுற பாஸ்கீ இருக்கே, 2022 மே மாசம் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூணும் சேந்து ஆதரிக்கிறதா அறிவிச்சது, அது திருடனுக்கு உண்மையிலயே பெரிய தலைவலி. போலிப் பக்கத்துல ஏமாந்து கொடுக்கிறதுக்கு அதுல பாஸ்வேர்டே கிடையாது. ஆனா அதுக்கு ஸ்மார்ட்ஃபோன் மாதிரி ஒரு கருவி வேணும், அது தொலைஞ்சா திரும்ப உள்ள போக ஒரு கணக்கு வேணும், அந்தக் கணக்கைத் திறக்க இன்னொரு சாவி வேணும். பூட்டு நல்லாத்தான் இருக்கு. சாவி தொலைஞ்ச அன்னிக்கு என்ன பண்ணணும்ங்கிறதுலதான் விஷயம்.

சரி, அம்மை கதைக்கு வருவோம். தக்கலையில ஆதார் மையத்துக்குப் போனோம். அங்க கருவிழி பாக்கிற கருவி இருந்துச்சு. கண்ணு தேயல, நல்லவேளை. ரேகை, ஃபோட்டோ, ஃபோன் நம்பர் மூணையும் புதுசாக்கிட்டு வந்தோம். சில நாள் கழிச்சு, 2021-ல வந்த முகம் காட்டுற முறையை என் ஃபோன்ல முயற்சி பண்ணினேன். வீட்டுக்குள்ள சிக்னல் கிடைக்காம, அம்மையை அணைக்கரைக்குக் கூட்டிட்டுப் போய் ஃபோனை முகத்துக்கு நேரா பிடிச்சேன்.

“கண்ணைச் சிமிட்டும்மா.”

“எதுக்குலே?”

“உயிரோட இருக்கியான்னு பாக்குது.”

சிமிட்டினா. பச்சை. அம்மை உயிரோட இருக்கிறதா அரசாங்கத்துக்குத் தெரிஞ்சு போச்சு. அவ தண்ணியைப் பாத்துகிட்டே கேட்டா:

“அடுத்த கொல்லம் நீ வரல்லேன்னா, யாருக்க ஃபோன்ல சிமிட்டணும்?”

என்கிட்ட பதில் இல்ல. ரேகை பதியாதவங்களுக்குக் காகிதச் சான்றிதழ்னு ஒரு வழி விதியில இருக்குன்னு அப்புறம்தான் தேடிக் கண்டுபிடிச்சேன். அன்னிக்கு அந்தக் கம்ப்யூட்டர் திரையில அதைப்பத்தி ஒரு வரி இல்ல. சிவப்பு மட்டும்தான் இருந்துச்சு.

இப்ப தூக்கம் கெட்ட விஷயம். போன வருஷம் எங்க ஆபீஸ்ல ஒரு லாகின் பக்கத்துல ‘வேறு வழியில் நுழைய’ன்னு கீழ ஒரு சின்ன இணைப்பு இருந்துச்சு. அது வழியாத்தான் மோசடி நடக்குது, எடுத்துரலாம்னு மீட்டிங்ல சொன்னது நான்தான். எடுத்தோம். மோசடி நிஜமாவே குறைஞ்சுது. எனக்கு ஒரு பாராட்டு மெயிலும் வந்துச்சு. மோசடி குறைஞ்சதை எண்ணினோம். வெளிய நின்னவங்களை எண்ணல. எண்ணுறதுக்கு வழியும் கிடையாது, ஏன்னா உள்ள வர முடியாதவங்க எப்படி வந்து புகார் சொல்லுவாங்க? அம்மை மாதிரி சிரிச்சிட்டு பஸ் ஏறிப் போயிருப்பாங்க.

அணைக்கரையில உக்காந்திருந்தப்ப தோணுச்சு. 48 அடி வரைக்கும் தண்ணியைப் பிடிச்சு வைக்கிற அணைக்கே மறுகால் வச்சுத்தான் கட்டியிருக்காங்க. மறுகால் இருந்தா தண்ணி வீணாகுமேன்னு மூக்கன் துரை அதை அடைச்சிருந்தா, கீழ இருக்கிற ஊர்கள் இருந்திருக்காது.

ஊர்லருந்து திரும்பி வந்த மறுநாளே அந்த இணைப்பைத் திரும்ப வைக்கணும்னு மெயில் போட்டேன். பழைய மாதிரி திறந்த வீடா இல்ல, ரெண்டு நாள் தாமதம் வச்சு, மனுஷர் ஒருத்தர் கூப்பிட்டுப் பேசிச் சரிபார்க்கிற மாதிரி. செலவு கூடும்னாங்க. கூடும்தான். இன்னும் விவாதத்துலதான் இருக்கு. போராடிட்டு இருக்கேன்.

அம்மைக்கு டிசம்பர்ல நிலுவையோட பென்ஷன் வந்துருச்சு. ஃபோன் பண்ணிச் சொன்னா: “எனக்க பணம் வந்தாச்சு மக்கா.” அதே கெத்து.

பி.கு: இதைப் படிச்சு முடிச்ச கையோட மூணு காரியம் பண்ணுங்க. வீட்டுல பெரியவங்க ஆதார்லயும் பேங்க்லயும் எந்த நம்பர் இருக்குன்னு பாருங்க. யாராவது தவறிப்போனா, அவங்க சிம்மைக் கைவிடுறதுக்கு முன்னாடி அது எதுக்கெல்லாம் சாவியா இருக்குன்னு பாருங்க. ரேகையை அடிக்கடி பயன்படுத்தாதவங்க ஆதார்ல அதைப் பூட்டி வைக்கலாம், ஆனா எப்படித் திறக்கணும்னு வீட்டுல இன்னொருத்தருக்கும் சொல்லி வையுங்க.