லாப நஷ்டக் கணக்கில் வராத சந்தோஷம்

மார்மன் சபைப் பசங்க பலர் 18 வயசு தாண்டினதும் படிப்பைத் தள்ளி வெச்சுட்டு ரெண்டு வருஷம் ஊழியத்துக்குப் போறாங்க. சம்பளம் கிடையாது. செலவும் பெரும்பாலும் அவங்க குடும்பத்தோடதுதான். நாங்க காமர்ஸ்ல படிக்கிற கணக்குப்படி சுத்த நஷ்டம்! ஆனா வாழ்க்கையிலேயே நிறைவான காலம் அதுதான்னு திரும்பி வர்றவங்க நிறைய பேர் சொல்றாங்க. எப்படி?

எங்க டோல்கேட் ஆளுங்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. ராயபுரம் ரெய்னி ஆஸ்பத்திரி எல்லாருக்கும் தெரியும். அதுக்குக் காரணம் மட்டில்டா மெக்ஃபெயில்ங்கிற ஸ்காட்லாந்து டாக்டரம்மா. 1880களில் மிஷனரியா மெட்ராஸ் வந்தாங்க. ஆம்பளை டாக்டர்கிட்ட காட்டக் கூச்சப்பட்டு, பெண்கள் பலர் வைத்தியமே இல்லாம கிடந்த காலம் அது. சின்ன டிஸ்பென்சரியில் ஆரம்பிச்சது, 1914ல் ராயபுரத்தில் ஆஸ்பத்திரியா நின்னுச்சு. ஏறக்குறைய 40 வருஷம் இந்த ஊர்ப் பெண்களுக்காக உழைச்சாங்க.

மதம் பத்தி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். நான் பார்க்கிறது வேற. இவங்க யாரும் சந்தோஷத்தைத் தேடிப் போகலை. தங்களைத் தேவைப்படற இடத்துக்குப் போனாங்க.

டிகிரி முடியப்போகுது. வீட்ல "சம்பளம் எவ்வளவு வரும்?"னு கேட்கிறாங்க. நியாயமான கேள்விதான். கூடவே "யாருக்கு உபயோகம்?"னும் கேட்டுட்டுத்தான் வேலை தேடப்போறேன்.